முப்பத்துமூன்றில் ஓடிய தட்டு

சங்கரன்கோவிலில் உட்கார்ந்து நிம்மதியாக ஒரு பாட்டுக் கேட்பது அந்த நாட்களில் லேசான காரியம் இல்லை. இவ்வளவு பெரிய கோயில் இருக்கிற ஊரில் பாட்டுக்கு என்ன பஞ்சம் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். பாட்டுக்குப் பஞ்சமில்லை, காதுக்குத்தான் பஞ்சம். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு விசைத்தறி. காலையில் தொடங்கினால் சடக்கு சடக்கு என்று ஓடிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் நிற்பவனிடம் மணி கேட்பதற்கே தொண்டையைத் திறக்க வேண்டும். இதில் எங்கே வயலினைக் கேட்பது? ஆகவே எங்களுக்குப் பாட்டுக் கேட்கும் நேரம் ஒன்றே ஒன்றுதான், கரண்ட் போகும் நேரம்.

எழுபதுகளின் கடைசியில் கரண்ட் தாராளமாகப் போனது. தறிகள் நின்றதும் தெரு முழுவதும் ஆட்கள் வெளியே வந்து மின்சாரக்காரர்களை வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். அவர்களுக்கு அன்றைய நெசவு போச்சு. நான் மட்டும் வெட்கமில்லாமல் உள்ளுக்குள் மகிழ்ந்துபோய், லாரி புக்கிங் ஆபீசில் இருந்து செருப்பை மாட்டிக்கொண்டு அண்ணாச்சி கடைக்கு ஓடுவேன். ஜவுளி மூட்டைகளை வெளியூருக்கு அனுப்பும் ஆபீஸ் அது. கரண்ட் போனால் ஃபேன் நிற்கும், முதலாளி வீட்டுக்குப் போய்விடுவார். நான் போனால் கேட்க ஆள் கிடையாது.

அண்ணாச்சி சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்தார். கல்யாணம், சடங்கு, கோயில் கொடை விழா எதுவானாலும் வேப்பமரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டி ஊரை எழுப்புவது அவர் தொழில். கரண்ட் எட்டாத பட்டிக்காடுகளுக்கும் போக வேண்டும் என்பதால் அவருடைய பிளேயரும் ஆம்பிளிஃபயரும் பேட்டரியிலேயே ஓடும். ஊரே இருட்டில் விசிறிக்கொண்டிருக்கும்போது அவர் கடையில் மட்டும் இசைத்தட்டு சுற்றும்.

அங்கே சினிமாப் பாட்டுப் போட்டால் எனக்குக் கோபம் வரும். சினிமாப் பாட்டு அண்ணாச்சிக்குச் சோறு. எங்களுக்கு வேண்டியது ஊறுகாய். யாரும் கேட்டிராத தட்டாக இருக்க வேண்டும். ஹவாய் கிதார், பர்மாக்காரர்களின் மணி வாத்தியம், சிங்களக் கூத்துப் பாட்டு, எந்த நாடென்றே தெரியாத மேளம். பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் போகிற லாரி டிரைவர்களை நான் கெஞ்சிக் கூத்தாடி, அங்கே நடைபாதையில் பழைய தட்டு விற்பவர்களிடம் எது கிடைத்தாலும் அள்ளிவரச் சொல்வேன். அவர்களும் தார்ப்பாய்க்கு அடியில், வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் வைத்துக் கொண்டுவருவார்கள். பாதி உடைந்துதான் வரும். மீதியை அண்ணாச்சியும் நானும் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் கழுவி நிழலில் காயவைப்போம். சீயக்காய் போடக் கூடாது, முள் ஓடும் கோட்டுக்குள் பொடி நின்றுவிடும். இதைக் கண்டுபிடிக்க நாங்கள் ஒரு நல்ல தட்டைப் பலி கொடுத்தோம்.

இப்படிப்பட்ட தகவல்களை நாங்கள் சும்மா யாருக்கும் சொல்லமாட்டோம். ராஜபாளையத்தில் எங்களைப் போலவே ஒரு பைத்தியம் இருந்தது. மில் ஆபீசில் வேலை. அவ்வப்போது பஸ் ஏறி வந்து, காபி வாங்கிக் கொடுக்கும்வரை வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பார். எங்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. ஒரு தகவலுக்கு ஒரு தகவல். நாங்கள் பூந்திக்கொட்டையைச் சொன்னோம். அவர், வளைந்த தட்டை இரண்டு கண்ணாடிக்கு நடுவில் வைத்து இளவெயிலில் காட்டினால் நிமிரும் என்றார். முள் தாண்டிக் குதித்தால் அதன் தலையில் ஒரு பைசாவை ஒட்டு என்று நாங்கள் சொன்னோம். அதற்குப் பதிலாகத்தான் அவர் அந்தப் பெரிய ரகசியத்தைச் சொன்னார்.

ரெக்கார்டு பிளேயரை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் வேகத்தை மாற்ற ஒரு குமிழ் இருக்கும். பெரிய தட்டு என்றால் முப்பத்துமூன்று, சின்னத் தட்டு என்றால் நாற்பத்தைந்து. அது நிமிடத்துக்குச் சுற்றும் சுற்றுக் கணக்கு. வேகம் கூடினால் ஆண் குரல் எலிக்குரல் ஆகும், குறைந்தால் பெண் குரல் ஆண் குரல் ஆகிவிடும். சின்னக் குழந்தைகூடச் சின்னத் தட்டை நாற்பத்தைந்தில்தான் வைக்கும். ஆனால் ராஜபாளையத்துக்காரர் சொன்னார்: "எல்லாச் சின்னத் தட்டும் நாப்பத்தஞ்சுன்னு நினைச்சிராதீங்க. கோடு நடுக் காகிதத்த ஒட்டி வந்திச்சுன்னா அது முப்பத்துமூணு. இது தெரிஞ்சவன் ஜில்லாவுலயே நாலு பேருதான்." அந்த நாலு பேரில் நாங்களும் சேர்ந்துவிட்ட பெருமையில் அண்ணாச்சி அவருக்கு இன்னொரு காபி சொன்னார்.

அந்தச் சமயத்தில்தான் பம்பாய் லாரியில் ஒரு சின்னத் தட்டு வந்தது. உறை இல்லை. நடுக் காகிதத்தில் அரபு எழுத்து. கோடு காகிதத்தை ஒட்டியே ஓடியிருந்தது. அண்ணாச்சி அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு, டாக்டர் நாடி பார்த்து முடித்தது போல, "முப்பத்துமூணு" என்றார். நானும் தலையை ஆட்டினேன். விவரம் தெரியாதவன் எவனாவது இருந்திருந்தால் அன்றே சரியாகப் போட்டிருப்பான்.

முள்ளை வைத்ததும் ஒரு கனத்த ஆண் குரல் எழுந்தது. நெஞ்சுக்குள்ளிருந்து இழுத்து இழுத்து வருகிற குரல். மேளம், பூட்டிய கதவை யாரோ விட்டுவிட்டுத் தட்டுவதுபோல. நடுநடுவே பலர் சேர்ந்து ஓவென்று நடுங்கி நடுங்கி அழுகிற சத்தம்.

"இது இழவுப் பாட்டுலே" என்றார் அண்ணாச்சி.

"பெரிய ஆளு யாரோ செத்திருக்கணும் அண்ணாச்சி" என்றேன். அடுத்த முறை ராஜபாளையத்துக்காரர் வந்தபோது, அந்நாட்டுச் சிற்றரசன் ஒருவன் மறைவுக்குப் பாடியது என்பதுவரை அந்தத் தகவல் வளர்ந்திருந்தது. அவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, ஆமாம், ராகத்திலேயே தெரிகிறது என்றார்.

அந்தத் தட்டு எங்களுக்குப் பொக்கிஷமானது. கரண்ட் போனால் முதலில் அதுதான். அப்படி ஒரு நாள் ஓடிக்கொண்டிருக்கும்போது எதிர்த் தறிக்கூடத்துக்காரர் விறுவிறு என்று கடைக்குள் வந்தார். நாலு தறி வைத்துச் சொந்தமாக ஓட்டிக்கொண்டிருந்தவர். சண்டைக்குத்தான் வந்தார், முகத்திலேயே தெரிந்தது. அவர் மனைவி இறந்து அப்போது இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

அந்த அம்மாவைத் தெருவில் அறியாதவர்கள் கிடையாது. நாலு தறியும் ஓடும்போது அதற்கு மேலே பேசிப் பேசியே வளர்ந்த குரல். மூச்சு விடாமல் கடகடவென்று பேசுவார், பேச்சு முடிவதற்குள் சிரிப்பும் வந்துவிடும். என் ஆபீஸ் வரைக்கும் கேட்கும். பிறகு நோய் வந்து படுத்து, குரல் இறங்கி, பேச்சு இழுவையாகி, சைகைக்கு வந்து, போய்விட்டார். பிணத்தை எடுக்கும்போது இவர் கண்ணில் ஒரு சொட்டு இல்லை. மறுவாரமே தறியை ஓட்டினார். பள்ளிக்கூடம் போகிற ஒரு பெண் பிள்ளையை வைத்துக்கொண்டு அவர் வேறென்ன செய்வார்? ஊருக்கு அது புரியவில்லை. கல்நெஞ்சன் என்றார்கள்.

"அண்ணாச்சி, தறி ஓடலையேன்னு நாங்க வயிறெரிஞ்சு கெடக்கோம், நீரு இங்கன கச்சேரி..." என்று ஆரம்பித்தவர் அத்தோடு நின்றுவிட்டார். தட்டில் அந்த அழுகைச் சத்தம் வந்திருந்தது. பிறகு ஒயர்ச் சுருளின் மேல் உட்கார்ந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தில் பொத்திக்கொண்டார். முதுகு குலுங்கியது. அண்ணாச்சி என்னைப் பார்த்தார், நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். தட்டு நின்றதும் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "என்ன பாஷை இது?" என்று கேட்டார்.

"தெரியல."

"தெரியாட்டா என்ன. அவனுக்கும் போயிருக்கு" என்றார்.

அதிலிருந்து கரண்ட் போனால் அவரும் வருவார். மற்ற தட்டுகளில் அவருக்கு அக்கறை கிடையாது. அந்த ஒன்று மட்டும். கேட்பார், துண்டால் முகத்தை ஒற்றிக்கொள்வார், போய்விடுவார். அப்படி வந்துபோகிற வாரம் மகளிடம் கொஞ்சம் முகம் கொடுத்துப் பேசுகிறார் என்று தெருவில் சொன்னார்கள். எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை வந்தது. எங்களைவிட நன்றாகப் பாட்டுக் கேட்கத் தெரிந்தவர் என்று நினைத்தேன்.

ஓரிரு வருடம் இப்படியே போனது. அப்போது கடையநல்லூர் பாய் ஒருவர் எங்களோடு வந்து சேர்ந்தார். குவைத்தில் பல வருடம் இருந்துவிட்டுத் திரும்பி, சேலை வியாபாரம் தொடங்கியிருந்தார். மூட்டை புக் பண்ண என் ஆபீசுக்கு வருவார். பாட்டுப் பிரியர் என்று தெரிந்ததும் ஒரு கரண்ட் கட்டில் அண்ணாச்சி கடைக்கு அழைத்துப்போனேன். நல்லவேளை, அன்று தறிக்காரர் நூல் வாங்க வெளியூர் போயிருந்தார்.

அரபுத் தட்டைப் பாய்க்குப் போட்டுக் காட்டியபோது எங்களுக்கு ஒரே பூரிப்பு. பாய் முகம் கோணியது.

"என்னவே இது, மாடு முக்குத மாதிரி இருக்கு? ஒரு எழுத்தும் வெளங்கலையே" என்றார். தட்டைக் கையில் வாங்கிப் பார்த்தார். "இங்கன பாரும். நாப்பத்தஞ்சுன்னு அரபு எண்ணுலயே போட்டிருக்கான். நீரு எதுல ஓட்டுதீரு?"

அண்ணாச்சி குமிழைத் திருப்பினார். முள்ளை வைத்தார்.

ஒரு பெண் பாடினாள். சின்ன வயதுப் பெண், துள்ளித் துள்ளிப் பாடினாள். கதவைத் தட்டிய மேளம் இப்போது கையைத் தட்டிக்கொண்டு ஓடியது. அந்த அழுகை வருகிற இடம் வந்தது. அழுகையே இல்லை. பத்துப் பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டார்கள். எங்கள் ஊர்ப் பெண்கள் பொங்கல் பொங்கும்போது போடுகிற அதே குலவை.

"இது கல்யாணப் பாட்டுவே!" என்று பாய் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "பொண்ணுக்கு மருதாணி வைக்கும்போது பொம்பளைங்க கூடிப் படிக்குதது. உன் கை செவந்தாச்சு, மாப்பிள்ளை வாசலுக்கு வந்தாச்சுங்கா. குலவை அங்கயும் உண்டும்லா."

நாங்களும் சிரித்தோம். சிற்றரசனை நினைத்துச் சிரித்தோம், ராகத்திலேயே தெரிகிறது என்ற ராஜபாளையத்துக்காரரை நினைத்து வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைக்கும்போதுதான் எதிர்த் தறிக்கூடம் கண்ணில் பட்டது. சிரிப்பு அப்படியே அடங்கிவிட்டது. பாயிடம் விஷயத்தைச் சொன்னோம். "யா அல்லாஹ்" என்று அவரும் உட்கார்ந்துவிட்டார்.

"அவர்ட்ட சொல்லிருவோம்" என்றேன் நான். நான் அப்படித்தான். வேகம் தப்பினால் எனக்குச் சோற்றில் கல் கடித்தது போல இருக்கும். தெரிந்தே தப்பாக ஓட்டுவது பாடினவளுக்குச் செய்கிற துரோகம் என்று வாதாடினேன்.

"ஏலே, பாடினவ எங்கயோ இருக்கா. இவரு எதுத்தாப்புல இருக்காரு" என்றார் அண்ணாச்சி. "ரெண்டு வருசமா அந்த மனுசன் கல்யாணப் பாட்டுக்கு உக்காந்து அழுதிருக்காருன்னு தெரிஞ்சா என்னாவாரு? ஊருல ஒருத்தன் காதுல விழுந்தா போதும், காலத்துக்கும் சொல்லிச் சிரிப்பான். அவருக்கு இருக்கது இந்த ஒண்ணுதான். நீ வாயத் தொறந்தே, கடைப் பக்கமே வரக்கூடாது பாத்துக்கோ."

நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்தத் தட்டைக் கேட்பது எனக்குத் தண்டனை ஆனது. தறிக்காரர் வந்ததும் அண்ணாச்சி தன் உடம்பால் மறைத்துக்கொண்டு குமிழை முப்பத்துமூன்றுக்குத் திருப்புவார். அந்தப் பெண்ணின் கழுத்தைப் பிடித்து அமுக்குவது போல எனக்கு இருக்கும். அவரோ கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். அவர் முகத்தைப் பார்த்தால், அண்ணாச்சி செய்வதுதான் சரி என்றும் தோன்றும். இரண்டும் சரியாக இருந்தால் மனிதன் என்ன செய்வது?

மகள் வளர்ந்தாள். கரிவலம்வந்தநல்லூரில் மாப்பிள்ளை அமைந்தது. விவசாயக் குடும்பம், நல்ல மாதிரி. பத்திரிகை வைக்க வந்த தறிக்காரர், சவுண்ட் சர்வீசும் அண்ணாச்சிதான் என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் தயங்கி நின்றார்.

"தாலி கெட்டு முடிஞ்சதும் அந்தத் தட்ட ஒரு தடவ போடணும் அண்ணாச்சி."

அண்ணாச்சிக்கு முகம் வெளுத்துவிட்டது. "மங்கலமான இடத்துலயா? சம்பந்தகாரங்க என்ன நினைப்பாவ?"

"அவங்களுக்குப் பாஷையா தெரியப்போவுது? அவ இல்லாம எம் மக கழுத்துல தாலி ஏறுது. எனக்கு அந்தப் பாட்டுலதான் அவ இருக்கா. ஒரே ஒரு தடவ. மாட்டேன்னு சொல்லாதீரும்." அண்ணாச்சி சரி என்று சொல்லிவிட்டார். வேறென்ன சொல்ல முடியும்?

அவர் போன பிறகு பாயையும் சேர்த்து மூன்று பேரும் மண்டையை உடைத்துக்கொண்டோம். அவர் கேட்டபடி ஓட்டினால், பாஷை தெரியாவிட்டாலும் ஒப்பாரி எவனுக்கும் ஒப்பாரியாகத்தான் கேட்கும். சம்பந்தகாரர்கள் இலையை மடித்துவிட்டு எழுந்தாலும் எழுவார்கள். சரியாக ஓட்டினால் கல்யாணத்துக்குப் பொருத்தமான பாட்டு. ஆனால் அத்தனை பேர் நடுவில், மகள் கல்யாணத்தன்று, அவருடைய அந்த ஒன்றும் கையை விட்டுப் போகும். தட்டு உடைந்துபோச்சு என்று சொல்லிவிடலாம் என்றார் அண்ணாச்சி. அந்தப் பொய்க்கு நான் சம்மதிக்கவில்லை. பாய் மட்டும் யோசித்துவிட்டு, "அது பொண்ணு வீட்டுப் பாட்டுவே. போக வேண்டிய எடத்துக்குத்தான் போவுது" என்றார். முடிவு ஏதும் இல்லாமலே கல்யாண நாள் வந்துவிட்டது.

தறிக்கூடத்துக்கு முன்னாலேயே பந்தல். அன்று அந்தத் தெருவில் ஒரு தறியும் ஓடவில்லை. அந்த அம்மாவுக்காகத் தெருக்காரர்கள் தாங்களாகவே நிறுத்தியிருந்தார்கள். கரண்ட் இருந்தும் தெரு அமைதியாக இருந்ததை நான் பார்த்தது அன்றுதான். அண்ணாச்சி வழக்கம்போலப் பிள்ளையார் பாட்டில் தொடங்கி, ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தேன். அரபுத் தட்டு என் மடியில் இருந்தது.

தாலி ஏறியது. மேளம் கொட்டி ஓய்ந்தது. மணமேடைக்குப் பக்கத்தில் நின்ற தறிக்காரர் நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். அப்போதே துண்டைக் கையில் எடுத்துவிட்டார். அண்ணாச்சி தட்டை வாங்கி வைத்தார். அவர் கை குமிழுக்குப் போனது, முப்பத்துமூன்றில் நின்றது. பந்தலில் இருந்த கூட்டத்தை ஒருமுறை பார்த்தார், பெண்ணைப் பார்த்தார். பிறகு நாற்பத்தைந்துக்குத் திருப்பினார்.

வேப்பமரத்துக் குழாயில் அந்தப் பெண் பாடத் தொடங்கினாள். தறிக்காரர் முகத்தில் ஒன்றும் புரியாத பார்வை. வேறு தட்டைப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்திருப்பார். எங்களைப் பார்த்துக் கையை அசைத்தார். அதற்குள் குலவை வந்துவிட்டது. மரத்தின் மேலிருந்து அந்த ஊர்ப் பெண்கள் குலவை போட்டதும், பந்தலில் இருந்த எங்கள் ஊர்ப் பெண்களுக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. ஒரு பெரியம்மா ஆரம்பித்தார். தொடர்ந்து மாப்பிள்ளை வீட்டுப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். தெருவே அதிர்ந்தது. மணப்பெண் அத்தனை கூச்சத்திலும் சிரித்துவிட்டாள். அப்படியே அவள் அம்மாவின் சிரிப்பு.

தறிக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு எங்களை நோக்கி வந்தார். நான் எழுந்து நின்றேன். அடித்தால் வாங்கிக்கொள்வது என்று நினைத்தேன்.

"அதே தட்டா?" என்றார்.

"அதேதான்" என்றார் அண்ணாச்சி. தலையைக் குனிந்தபடியே சொன்னார். "இது கல்யாணப் பாட்டு. நாங்கதான் வேகந் தெரியாம ஓட்டிட்டோம். பெறகு தெரிஞ்சும் உம்மகிட்ட சொல்லல. மன்னிச்சிரும்."

தறிக்காரர் பாட்டு முடிகிறவரை குழாயைப் பார்த்துக்கொண்டே நின்றார். துண்டு கையில்தான் இருந்தது, முகத்துக்குப் போகவில்லை. கண்ணீர் தன் பாட்டுக்கு ஓடியது, அவர் துடைக்கவில்லை. தட்டு நின்றதும் என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, அவ வேகமாத்தானே பேசுவா? ஒனக்குத் தெரியும்லா?"

"எங்க ஆபீசுக்குக் கேக்கும்" என்றேன்.

"கடைசி மாசம்தான் பையப் பேசினா. நான் அத மட்டுமே வச்சுக்கிட்டு இருந்திருக்கேன்." மூக்கை உறிஞ்சினார். "இன்னொரு தடவ போடுங்க. இப்படியே போடுங்க."

சொல்லிவிட்டுப் பந்திக்குப் போனார். சாம்பார் வாளியை யாரிடமிருந்தோ வாங்கி, சம்பந்தகாரர்களுக்குத் தானே பரிமாற ஆரம்பித்தார். குனிந்து ஏதோ சொல்கிறார், அவர்கள் சிரிக்கிறார்கள்.

அண்ணாச்சி முள்ளைத் தூக்கினார். எத்தனையோ கல்யாணத்தில், எத்தனையோ கொடையில், கூட்டமும் தள்ளுமுள்ளுமாக இருக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு முள் வைக்கிற கை. அன்று இரண்டு தடவை தட்டின் ஓரத்தைத் தவறவிட்டது. நான் வாங்கி வைத்தேன்.